பாரிசவாதம்: நான் பார்க்கத் தவறிய மணிக்கூடு



உயர்தர உயிரியல் வகுப்பில் நரம்புத் தொகுதியைப் படித்து முடித்து மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. மூளையின் பாகங்களை நிறந்தீட்டி வரைந்து, பெயர் குறித்து, ஆசிரியையிடம் பாராட்டும் வாங்கியிருந்தேன். ஆனால் என் கண் முன்னால் ஒரு மூளை குருதியின்றித் தவித்தபோது அதை அடையாளம் காண எனக்குத் தெரியவில்லை. அந்த மூளை என் உம்மம்மாவுடையது. அன்று எனக்குத் தெரியாமற் போனவற்றை இன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அன்று காலை

அது ஒரு சனிக்கிழமை. சுபஹுக்கு எழும்பிய உம்மம்மா, கிணற்றடிக்குத் தானாகவே நடந்துபோய் வுழூச் செய்துவிட்டு வந்து தொழுதார். அப்போது மணி ஐந்து. ஐந்தரைக்கு நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பை வலது கையிலிருந்து நழுவி மடியில் கொட்டுண்டது.

“என்ன உம்மம்மா?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்ல மகள். கை மரத்துப் போச்சி. ராவு கைக்கு மேல படுத்திட்டன் போல.”

இந்தச் சொற்களை நான் தெளிவாக எழுதிவிட்டேன். அவர் சொன்னதோ தெளிவாக இருக்கவில்லை. வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. வாயின் வலது ஓரம் சற்றுத் தொங்கியிருந்ததையும் கண்டேன். பல்செற் போடாததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

“கொஞ்சம் படுத்தெழும்பினால் சரியாகும்” என்றார் மாமா. உம்மா நல்லெண்ணெய் சூடாக்கிக் கையில் தேய்த்துவிட்டார். அடுத்த வீட்டு மாமி வந்து பார்த்துவிட்டு, “மொகத்தில காத்துப் பட்டிருக்கு” என்று ஓதிய தண்ணீரைப் பருக்கினார். அது புரையேறி, உம்மம்மா நெடுநேரம் இருமினார். ஒன்பது மணிக்கு அவரை எழுப்பி நிறுத்த முயன்றபோது வலது கால் மடிந்து விழப் பார்த்தார். அதன் பின்னரே எல்லோருக்கும் பயம் வந்தது. வாகனம் தேடி, உடுப்பு எடுத்து, நாங்கள் வாசலைக் கடந்தபோது மணி பத்தேகால்.

வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர் முதலில் கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. எங்கே வலி என்றோ, என்ன சாப்பிட்டார் என்றோ அவர் கேட்கவில்லை. “கடைசியாக எத்தனை மணிக்கு இவர் வழமைபோல நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள்?” என்றார். அதற்குப் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். “ஐந்து மணிக்கு” என்றேன். அவர் சுவர் மணிக்கூட்டை ஒருமுறை பார்த்தார். எதுவும் பேசவில்லை.

அந்தப் பார்வையின் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

பாரிசவாதம் என்றால் என்ன?

பாரிசம் என்றால் பக்கம். உடலின் ஒரு பக்கம் திடீரெனச் செயலிழப்பதால் பாரிசவாதம் என்றும் பக்கவாதம் என்றும் சொல்கிறோம். பெயர் கைகால்களைச் சுட்டினாலும் நோய் இருக்கும் இடம் அதுவல்ல. கையிலும் காலிலும் எந்தக் குறையும் இல்லை. அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் மூளையின் பகுதிக்குக் குருதி கிடைக்காமற் போவதே நோய். ஆகவே கையில் எண்ணெய் தேய்ப்பது, மின்சாரம் நின்றுபோன வீட்டில் மின்குமிழைத் துடைப்பதற்குச் சமன்.

மூளையின் நிறை உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதந்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது இதயம் வெளியேற்றும் குருதியில் 15 சதவீதமளவு அதற்குப் போகிறது. மூளை தனக்கென ஒட்சிசனையோ குளுக்கோசையோ பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு கணமும் புதிதாக வர வேண்டும். வராவிட்டால் சில நிமிடங்களிலேயே நரம்புக்கலங்கள் இறக்கத் தொடங்கும்.

குருதி கிடைக்காமற் போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கந்தளாயில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. 7 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டிய நம் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் வயலுக்குப் போகும் வாய்க்காலைக் குப்பையோ மண்ணோ அடைத்துவிட்டால் அந்த வாய்க்காலை நம்பிய வயல் கருகும். இது முதலாவது வகை. மூளைக்குப் போகும் நாடியொன்றைக் குருதி உறைகட்டி அடைத்துவிடுகிறது. அந்தக் கட்டி, கொழுப்புப் படிந்து ஒடுங்கிய நாடியிலேயே உருவாகலாம். ஒழுங்கற்றுத் துடிக்கும் இதயத்தில் உருவாகி அடித்துக்கொண்டு வந்தும் சிக்கலாம். பாரிசவாதங்களில் பெரும்பாலானவை இந்த அடைப்பு வகையே.

இரண்டாவது வகை, அணை உடைதல். 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலை மூன்று மணியளவில் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியானதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று வயலுக்கு வர வேண்டிய தண்ணீர் வாய்க்காலை விட்டு வெளியே பாய்ந்து, தான் போன இடத்தையெல்லாம் அழித்தது. மூளையிலுள்ள குருதிக்கலன் வெடிக்கும்போதும் இதுவே நடக்கிறது. அப்பால் உள்ள கலங்களுக்குக் குருதி கிடைப்பதில்லை. வெளியே கசிந்த குருதி அருகிலுள்ள மூளையை நெருக்குகிறது. இந்த வகை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உயிராபத்து அதிகம். பல ஆண்டுகள் கட்டுப்படுத்தப்படாத உயர் குருதியமுக்கமே இதற்கு முதன்மைக் காரணம்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கை சோர்ந்து, பேச்சுக் குழறி, சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி சரியாகிவிடும். வாய்க்காலில் வந்த அடைப்புத் தானாகவே கரைந்துவிட்டது என்று பொருள். “சுகமாகிவிட்டது” என்று எவரும் வைத்தியசாலைக்குப் போவதில்லை. அதுதான் பிழை. இது தற்காலிகப் பாரிசவாதம். அடுத்து வரக்கூடிய பெரியதற்கு இது முன்னெச்சரிக்கை. அந்த ஆபத்து முதல் சில நாட்களிலேயே மிக அதிகம். ஆகவே அறிகுறி மறைந்தாலும் அன்றைக்கே வைத்தியரைக் காண வேண்டும்.

வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போனது ஏன்?

மூளையின் இடது அரைக்கோளம் உடலின் வலது பக்கத்தையும், வலது அரைக்கோளம் இடது பக்கத்தையும் ஆள்கின்றன. பெரும்பாலானோருக்குப் பேச்சை ஆளும் பகுதிகள் இடது அரைக்கோளத்தில் இருக்கின்றன. 1861 இல் பிரான்சிய வைத்தியர் போல் புரோக்கா, பேச்சிழந்த ஒரு நோயாளி இறந்த பின்னர் அவரது மூளையைப் பரிசோதித்து, இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைக் காட்டினார். அந்த இடத்தை இன்றும் புரோக்காவின் பரப்பு என்கிறோம். பரீட்சைக்கு நாங்கள் மனனம் செய்யும் பெயர் அது. உம்மம்மாவின் வலது கையும் பேச்சும் ஒரே நேரத்தில் தவறியதைக் கண்டபோதே, “இடது மூளை” என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். புத்தகத்தில் இருந்தது வீட்டுக்கு வரவில்லை.

மு – கை – பே – நே

உலகெங்கும் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதைத் தமிழில் நினைவில் வைக்க நான் நான்கு எழுத்துக் குறிப்புகளாக்கிக் கொண்டேன். நீங்களும் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

மு – முகம். சிரிக்கச் சொல்லுங்கள். வாயின் ஒரு பக்கம் ஏறாமல் தொங்குகிறதா?

கை – கை. கண்ணை மூடி இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா?

பே – பேச்சு. “இன்றைக்குக் குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கிறது” என்பதுபோல ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா, சொல் வரவில்லையா, நாம் சொல்வது விளங்கவில்லையா?

நே – நேரம். மேலுள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 க்கு அழையுங்கள்.

இவற்றோடு, திடீரென ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ பார்வை மங்குதல், நடை தள்ளாடுதல், இதுவரை அறியாத கடுந் தலையிடி இடிபோல வருதல் ஆகியவையும் அறிகுறிகளே. எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் “திடீரென” என்பதுதான்.

1990 என்பது சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் இலக்கம். 2016 இல் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. கட்டணம் கிடையாது. அதில் வருபவர்கள் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள். எங்கள் வீட்டில் ஐந்து கைத்தொலைபேசிகள் இருந்தன. அன்று ஒருவருக்கும் அந்த நான்கு இலக்கங்கள் நினைவுக்கு வரவில்லை.

வாகனம் வரும்வரை

இங்கே எங்கள் வீட்டில் நடந்த பிழைகளையே பாடமாகத் தருகிறேன்.

வாயில் எதையும் கொடுக்கக் கூடாது. பாரிசவாதம் விழுங்கும் தசைகளையும் பாதிக்கும். தண்ணீரோ தேத்தண்ணியோ சுவாசக்குழாய்க்குள் போய் நியூமோனியாவை உண்டாக்கலாம். உம்மம்மாவுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வீட்டு மாமி அன்பினால்தான் பருக்கினார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. பக்கத்திலிருந்து ஓதுவதை எவரும் தடுக்கப் போவதில்லை. அம்புலன்ஸ் வரும்வரையும் ஓதலாம், அம்புலன்ஸுக்குள்ளேயும் ஓதலாம். ஓதி முடியும்வரை அம்புலன்ஸை அழைக்காமல் இருப்பதே பிழை.

அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மாரடைப்புக்கு அது உதவும் என்று கேள்விப்பட்டவர்கள் இதற்கும் கொடுக்க நினைப்பார்கள். வந்திருப்பது அடைப்பா வெடிப்பா என்று வீட்டில் எவராலும் சொல்ல முடியாது. வெடிப்பாக இருந்தால் அஸ்பிரின் குருதிக்கசிவைக் கூட்டிவிடும்.

பிரஷர் குளிசையை நாக்கின் கீழ் வைத்து அமுக்கத்தைச் சடுதியாக இறக்கக் கூடாது. அடைபட்ட நாடியைச் சுற்றியுள்ள மூளைப்பகுதி, பக்கத்து வாய்க்கால்களால் வரும் சிறிதளவு குருதியைக் கொண்டுதான் உயிரோடு இருக்கிறது. அமுக்கம் திடீரென இறங்கினால் அதுவும் நின்றுவிடும்.

செய்ய வேண்டியவை சிலவே. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் மூச்சடைக்காது. இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் மருந்துகளையும் கையில் எடுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு கடதாசியில் எழுதுங்கள்.

வைத்தியசாலையில் என்ன நடக்கிறது?

முதலில் விரல் நுனியில் குத்திக் குருதிச் சீனியைப் பார்த்தார்கள். சீனி மிகவும் குறைந்தாலும் பாரிசவாதம் போலவே தோன்றுமாம். பிறகு குருதியமுக்கம், இதய மின்வரைபு. அதன் பின் சீ.ரீ. ஸ்கேன். அந்த வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை. ஆகவே எங்களை அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்து முடிந்தபோது பகல் ஒரு மணி.

“ஸ்கேனில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை” என்று வைத்தியர் சொன்னதும் மாமா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். வைத்தியர் பொறுமையாக விளக்கினார். குருதிக்கசிவு இருந்தால் ஸ்கேனில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பினால் வந்த சேதமோ முதல் சில மணித்தியாலங்களில் தெளிவாகத் தெரியாது. ஆகவே ஸ்கேனின் முதற்பயன், வெடிப்பு இல்லை என்று உறுதிசெய்வதே. அறிகுறி இருந்து, கசிவு இல்லாவிட்டால், அது அடைப்பு.

அடைப்புக்கு மருந்து இருக்கிறது. உறைகட்டியைக் கரைக்கும் அல்ரெப்ளேஸ் என்னும் மருந்து. மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கை உடனடியாக ஊசியாகவும் மீதியை ஒரு மணித்தியாலத்தில் நாளத்தினூடாகவும் செலுத்துவார்கள். 1995 இல் அமெரிக்காவில் 624 நோயாளிகளில் செய்யப்பட்ட ஆய்வு, மூன்று மணித்தியாலத்துக்குள் இதைக் கொடுத்தால், மூன்று மாதங்களின் பின் குறைபாடின்றியோ மிகச் சிறு குறைபாட்டுடனோ இருப்பதற்கான வாய்ப்புக் குறைந்தது 30 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. 2008 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று அந்த எல்லையை நாலரை மணித்தியாலமாக நீட்டியது.

பிந்தியவர்களுக்கு ஏன் கொடுப்பதில்லை? இம்மருந்து இரு பக்கமும் கூரான கத்தி. 1995 ஆய்விலேயே மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதமானோருக்கு, அறிகுறிகளை உண்டாக்கும் அளவில் மூளைக்குள் குருதிக்கசிவு ஏற்பட்டது. மருந்து பெறாதவர்களில் அது 0.6 சதவீதந்தான். நேரம் போகப் போகக் காப்பாற்றக்கூடிய மூளை குறைகிறது, கசிவின் ஆபத்தோ குறைவதில்லை. ஒரு கட்டத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. குருதியமுக்கம் 185/110 க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைத்த பின்னரே இம்மருந்தைக் கொடுப்பதும் இதே பயத்தினால்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உம்மம்மா கடைசியாக நன்றாக இருந்தது ஐந்து மணி. நாலரை மணித்தியாலம் என்றால் ஒன்பதரை. நாங்கள் வாசலைக் கடந்ததே பத்தேகாலுக்கு. அந்த இளம் வைத்தியர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்ததன் பொருள் இதுதான். எந்த வைத்தியசாலையும் தாமதிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலிலேயே நேரம் முடிந்திருந்தது.

பெரிய நாடியொன்று அடைபட்ட பாரிசவாதத்தில், சிகிச்சை இல்லாவிட்டால் நிமிடத்துக்குச் சராசரி 19 இலட்சம் நரம்புக்கலங்கள் இறக்கின்றன என்று 2006 இல் ஓர் ஆய்வாளர் கணக்கிட்டார். கோப்பை விழுந்த ஐந்தரையிலிருந்து பத்தேகால் வரை 285 நிமிடங்கள். ஒருநாள் இரவு கொப்பியில் பெருக்கிப் பார்த்தேன். 54 கோடிக்கும் மேல் வந்தது. எல்லோருக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை.

வேறு சிகிச்சைகளும் உண்டு. தொடை மடிப்பிலுள்ள நாடி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, உறைகட்டியைப் பிடித்து இழுத்தெடுக்கும் முறை 2015 இல் வெளியான பல ஆய்வுகளால் உறுதியானது. பெரிய நாடி அடைபட்டோருக்கு வழமையாக ஆறு மணித்தியாலம் வரையும், தெரிவுசெய்யப்பட்ட சிலருக்கு 24 மணித்தியாலம் வரையும் இது பயன்தரும். ஆனால் இதற்கான கருவிகளும் நிபுணர்களும் உள்ள நிலையங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. வெடிப்பு வகையானால் குருதியமுக்கத்தைக் கவனமாகக் குறைப்பார்கள். சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும்.

நேரம் கடந்துவிட்டால் ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். பாரிசவாதத்துக்கென வைத்தியர், தாதி, இயன்மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர் ஒன்றாக இயங்கும் தனி விடுதியில் பராமரிப்பதே மரணத்தையும் பிறரில் தங்கியிருக்கும் நிலையையும் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே நடப்பவை பார்ப்பதற்கு எளியவை. விழுங்கும் திறனைச் சோதித்த பின்னரே உணவு கொடுப்பார்கள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார்கள். காய்ச்சலையும் சீனியையும் கவனிப்பார்கள். கசிவு இல்லையென்று உறுதியான பின்னர் அஸ்பிரின் தொடங்குவார்கள். உம்மம்மாவைப் புரட்ட எனக்குக் கற்றுத்தந்த தாதி, “உங்கள் கைகளும் ஒரு மருந்துதான்” என்றார்.

மீண்டு வருதல்

இறந்த நரம்புக்கலங்கள் மீண்டு வருவதில்லை. ஆனால் உயிரோடுள்ளவை புதிய இணைப்புகளை உருவாக்கி, இழந்த வேலையில் ஒரு பங்கைத் தாங்கள் ஏற்கின்றன. வாய்க்கால் அடைபட்டால் கமக்காரர் பக்கத்து வரம்பை வெட்டித் தண்ணீர் பாய்ச்சுவது போல. இதற்கு ஒரே வழி, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பின்னர் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. உம்மம்மா வலது கையால் பயற்றை ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்துக்கு மாற்றுவார். முதல் மாதம் ஒரு பயறும் ஏறவில்லை. இப்போது அரைக் கிண்ணம் மாற்றுகிறார்.

பாரிசவாதத்தின் பின்னும் பெரும் பணி செய்தவர்கள் பலர். லூயி பாஸ்டருக்கு 1868 இல், 45 ஆவது வயதில், இடது பக்கம் செயலிழந்தது. விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசியை அவர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகக் கொடுத்தது 1885 இல். நம் நாட்டின் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1984 ஒக்டோபரில் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருக்கையில் சிறுநீரகக் கோளாறுடன் பாரிசவாதத்துக்கும் ஆளானார். அமெரிக்காவில் சிகிச்சை பெற்றவாறே தேர்தலில் வென்று, 1985 இல் திரும்பி, பேச்சுத் தடுமாற்றத்துடனேயே 1987 இல் இறக்கும்வரை முதலமைச்சராக இருந்தார். இலக்கியம் படிக்கும் சகோதரிகளுக்கு இன்னொருவர்: சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமஸ் திரான்ஸ்திரோமர். 1990 இல் பாரிசவாதம் அவரது வலது பக்கத்தையும் பேச்சையும் பறித்தது. அவர் இடது கையால் பியானோ வாசித்தார், கவிதை எழுதுவதை விடவில்லை. 2011 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பேச்சு இழந்தவர் அறிவு இழந்தவர் அல்லர். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வருபவர்கள் உம்மம்மாவுக்கு முன்னாலேயே, “இவவுக்கு இனி ஒண்டும் விளங்காதே” என்பார்கள். அவருக்கு எல்லாம் விளங்கும். சொல் மட்டும் வராது. தண்ணீர் வேண்டுமென்றால் “சாவி” என்பார். என்னை என் ராத்தாவின் பெயரால் அழைத்துவிட்டு, பிழையென்று தானே தலையசைப்பார். இத்தகையோரிடம் ஒரு நேரத்தில் ஒரு விடயத்தை, குறுகிய வசனத்தில், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாகக் கேட்க வேண்டும். அவர் சொல்லைத் தேடும்போது நாம் முந்திக்கொண்டு முடித்துவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் ஒரு மஃரிபு நேரம். கதிரையில் இருந்து தொழுதுகொண்டிருந்த உம்மம்மாவின் பக்கத்தில் நான் நின்றேன். “தண்ணி” என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாத அவர், சூரத்துல் ஃபாத்திஹாவை முதலிலிருந்து கடைசி வரை தடையின்றி ஓதினார். எனக்கு உடல் சிலிர்த்தது. பேச்சுச் சிகிச்சையாளரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. சிறுவயது முதல் மனனமாகி ஓசையோடு பதிந்தவை, புதிதாக வசனம் அமைக்கும் பாதையை அவ்வளவாகத் தங்கியிருப்பதில்லையாம். பேச முடியாத பலர் பாட்டுப் பாடுவார்கள், நாட்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். ஓசையைப் பயன்படுத்திச் சொற்களை மீட்கும் சிகிச்சை முறையொன்றும் 1970 களிலிருந்து இருக்கிறது. அன்றிலிருந்து நாங்கள் சொற்களை இராகத்தோடு சொல்லிக்கொடுக்கிறோம். “த–ண்–ணி” என்று என் தம்பி இழுத்துச் சொல்ல, உம்மம்மாவும் இழுக்கிறார். நாலைந்து தடவைக்கு ஒருமுறை சரியாக வருகிறது.

பிஸ்கட் டின்னில் இருந்தவை

வைத்தியசாலையிலிருந்து வந்த மறுநாள் உம்மம்மாவின் அலுமாரியை ஒழுங்குபடுத்தினேன். பழைய பிஸ்கட் டின் ஒன்று அகப்பட்டது. உள்ளே கிளினிக்கில் கொடுத்த குருதியமுக்கக் குளிசைகள், மாதக்கணக்கில், பிரிக்கப்படாத உறைகளோடு. ஒருமுறை அவர் உம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது: “தலைச்சுத்தில்ல, தலையிடியுமில்ல. பிறகென்னத்துக்கு மருந்து?”

உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. அதனால்தான் ஆபத்து. மருந்தை நிறுத்திய மறுநாள் எதுவும் நடக்காது, மறுமாதமும் நடக்காது. அணைக்கட்டு வெளியே பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். நல்ல மருந்துகள் இல்லாத காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் அமுக்கம் 1944 மார்ச்சில் 186/108. 1945 ஏப்ரல் 12 இல் மூளைக் குருதிக்கசிவால் இறந்த அன்று 300/190. உலகின் பலம் வாய்ந்த மனிதருக்கு அன்று கிடைக்காத குளிசை, இன்று நமக்கு அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை டின்னில் வைத்துப் பூட்டுகிறோம்.

2010 இல் 22 நாடுகளின் தரவுகளுடன் வெளியான “இன்டர்ஸ்ட்ரோக்” ஆய்வு, பாரிசவாத அபாயத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் பத்துக் காரணிகளோடு தொடர்புற்றது என்று காட்டியது. அவற்றில் முதலிடம் உயர் குருதியமுக்கத்துக்கு. புகைத்தல், நீரிழிவு, வயிற்றுப் பருமன், பொருந்தாத உணவு, உடலுழைப்பின்மை, இதய நோய், மன அழுத்தம் என்பனவும் அதில் அடங்கும். இவற்றில் பெரும்பாலானவை நம் கைக்கு எட்டியவை.

ஆகவே, வீட்டிலுள்ள பெரியவர்களின் குருதியமுக்கத்தைச் சோதித்து எழுதி வையுங்கள். பல தடவை 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வைத்தியரைக் காண வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், சம்பல், கடையில் வாங்கும் மிக்சர் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் அதற்குள் அடங்கும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கத்தையும் அன்போடு நிறுத்தச் செய்யுங்கள். நோன்பு மாதத்தில் மருந்து நேரத்தைத் தாங்களாக மாற்றாமல், தலைநோன்புக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இது வயோதிபருக்கு மட்டுமான நோயும் அல்ல. கர்ப்ப காலத்தில் கூடும் குருதியமுக்கம் இளம் தாய்மாருக்கும் இதைக் கொண்டுவரலாம். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அமுக்கம் பார்ப்பது வெறும் சம்பிரதாயமல்ல.

முடிவாக

இப்போது உம்மம்மாவின் குளிசைகளுக்கு நானே பொறுப்பு. அந்தப் பிஸ்கட் டின்னில் இன்று பயறு இருக்கிறது, கைப்பயிற்சிக்காக. சுவர் மணிக்கூட்டின் கீழே 1990 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அதன் பக்கத்தில் மு – கை – பே – நே. அடுத்த வீட்டு மாமியும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

சகோதரிகளே, இந்தச் சஞ்சிகையை மூடி வைத்துவிட்டு ஒரேயொரு வேலை செய்யுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உம்மாவுக்கும் உம்மம்மாவுக்கும் தம்பி தங்கைகளுக்கும் அந்த நான்கு சொற்களைச் சொல்லிக்கொடுங்கள். அன்று ஐந்தரை மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற எனக்கு அவை தெரிந்திருந்தால், ஆறு மணிக்கு நாங்கள் பாதையில் இருந்திருப்போம்.